மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: துருவோடு சேர்த்துத் துடைக்கப்படும் தடயங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளில் இலங்கையில் வாகனம் பற்றிய கணக்கே மாறிவிட்டது. வாங்கிய விலையை விடக் கூடுதலான விலைக்கு ஓடிய கார் விற்கப்பட்டது. ரூபாவின் பெறுமதி சரிந்தபோது வங்கியில் பணத்தை வைத்திருந்தவரை விட வளவுக்குள் வாகனத்தை வைத்திருந்தவர் தப்பித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பழைய கார்களின் பக்கமும் பலருடைய பார்வை திரும்பியது. பொழுதுபோக்காக இருந்த பழைய கார் சேகரிப்பு, ஒரு முதலீடாகவும் பேசப்படத் தொடங்கியது.

வடக்கு கிழக்குக்கு இந்தப் பார்வை புதியதல்ல. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட நாள் முதல், பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களைத் தேடித் தெற்கிலிருந்து வந்து வாங்கிச் சென்றவர்கள் உண்டு. மாமரத்தின் கீழும் ஓலைக் கொட்டிலுக்குள்ளும் கிடந்த கார்கள் லொறிகளில் ஏறிப் போயின. போருக்குப் பின் கையில் காசில்லாத குடும்பங்களுக்கு அந்த விற்பனை ஒரு கூரையாக, ஒரு பிள்ளையின் படிப்பாக மாறியிருக்கலாம். விற்றவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி விற்பனையைப் பற்றியதல்ல. விற்ற பிறகு நடப்பதைப் பற்றியது. சேகரிப்பாளரின் கராஜுக்குப் போகும் கார் முதலில் முழுமையாகக் கழற்றப்படுகிறது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவதுதான் இலக்கு. அந்த இலக்குக்குப் பொருந்தாத எல்லாம் குப்பைக்குப் போகின்றன. எஞ்சினுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டியிருந்த சிறிய போத்தல். மண்ணெண்ணெய்க்கெனப் பூட்டிய இரண்டாவது குழாயும் அதன் திருகும். வேறொரு வாகனத்திலிருந்து கழற்றி, அராவிப் பொருத்திய பாகம். புதுநிறம் பூசிய கார் கண்காட்சிக்குப் போகும்போது அதன் வயது 1950களில் நின்றுவிடுகிறது. அது வாழ்ந்த முப்பது ஆண்டுப் போர் அதன் உடம்பில் எங்கும் இல்லை.

மனிதர்களே காணாமற்போன மண்ணில் கார்களைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதைக் கொண்டு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள், எதில் ஏறி இடம்பெயர்ந்தார்கள் என்பதைச் சொல்லும் பொருட்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. வீடுகள் உடைந்தன. படங்கள் எரிந்தன. பத்திரங்கள் தண்ணீருக்குள் போயின. எஞ்சியவற்றில் சில, நான்கு சில்லுகளோடு நிற்கின்றன.

இறக்குமதித் தடையும் போரும் காப்பாற்றிய கார்கள்

ஒஸ்டின் ஏ40 டெவன் 1947இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1952இல் அதன் இடத்தில் சோமசெற் வந்தது. 1954இல் கேம்பிரிட்ஜ். மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்டது. சுதந்திரத்தை அண்டிய ஆண்டுகளில் இவை இலங்கைக்குக் கப்பலில் வந்தன. வைத்தியர்கள், சட்டத்தரணிகள், மலாயன் பென்சனியர்கள், வாடகைக் கார் ஓட்டியவர்கள் எனப் பலர் வாங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் 'ஏபோட்டி' என்பது ஒரு காரின் பெயராக மட்டுமன்றி வாடகைக் காருக்கே மறுபெயர் போல ஆனது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை ஏறத்தாழ ஒன்றரைத் தசாப்தத்துக்கு இருக்கிற காரைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 2020இல் வந்த இறக்குமதித் தடையைக் கண்டு வியந்தவர்களுக்கு அந்தத் தலைமுறை சொல்லக்கூடிய பாடங்கள் நிறைய உண்டு. கடைசலில் கடைந்து பாகம் செய்தல், தகரம் தட்டுதல், ஈயம் உருக்கி ஓட்டை அடைத்தல் என ஒரு முழுத் தொழிற்கலை அந்த ஆண்டுகளில் வளர்ந்தது.

1977க்குப் பின் ஜப்பானிய கார்கள் வந்தன. தெற்கில் பழைய பிரித்தானியக் கார்கள் மெல்லப் பின்வாங்கின. வடக்கு கிழக்கில் அந்த மாற்றம் முழுமையாக வந்து சேருமுன் 1983 வந்துவிட்டது. ஆக, முதலில் அரசின் இறக்குமதிக் கொள்கையும், பிறகு போரும் சேர்ந்து இந்தக் கார்களை ஓட்டத்திலேயே வைத்திருந்தன.

இதற்கு உலகத்தில் ஒரு புகழ்பெற்ற உவமை உண்டு. கியூபா. 1959 புரட்சிக்கும் 1962இன் அமெரிக்கத் தடைக்கும் பிறகு ஹவானாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் அப்படியே தங்கிவிட்டன. உதிரிப்பாகம் வரவில்லை. எனவே செவ்ரொலே உடலுக்குள் சோவியத் எஞ்சின் ஏறியது. இன்று அந்தக் கார்களில் ஏறிச் சுற்றுவதற்காகவே உல்லாசப் பயணிகள் அங்கே போகிறார்கள். எஞ்சின் மாறிவிட்டது, ஆகவே இது போலி என்று யாரும் அந்தக் கார்களைத் தள்ளிவைப்பதில்லை. தடைக்குள் வாழ்ந்த ஒரு சமூகத்தின் கெட்டித்தனத்துக்கு அந்தக் கார்கள் அடையாளமாகிவிட்டன. எங்கள் ஏ40களுக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. நாங்களும் அதைக் கேட்கவில்லை.

விளக்கெரிக்க வந்த எண்ணெய்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எனத் தடைப்பட்டியல் நீண்டது. விளக்குக்கும் அடுப்புக்குமாக மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அந்த அளவான எண்ணெயிலிருந்துதான் மோட்டார் சைக்கிள்களும் நீர் இறைக்கும் இயந்திரங்களும் கார்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெயைக் கலந்து ஓட்டியவர்களும் இருந்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். பெற்றோல் குளிரிலும் இலகுவாக ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினால்தான் ஆவியாகும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் அது துளியாகவே நிற்கும், எரியாது. எனவே முதலில் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்க வேண்டும். சூடேறிய பிறகு திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். அந்தச் சில துளி பெற்றோலைப் பொன் போலப் போத்தலில் வைத்திருந்தார்கள்.

இன்னொரு சிக்கல் அமுக்கம். சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதே அமுக்க விகிதம். மண்ணெண்ணெயைக் கூடுதலாக நெருக்கினால் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஏ40 டெவனின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. தரம் குறைந்த பெற்றோலுக்காகவே வடிவமைக்கப்பட்ட, அவசரப்படாத எஞ்சின் அது. அதோடு, காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் வழியும் சூடான புகை வெளியேறும் வழியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருந்தன. புகையின் சூடு உள்ளே போகும் கலவையையும் சூடாக்கியது. பிந்தைய எஞ்சின்கள் பலவற்றின் அமுக்கம் இதைவிடக் கூடியது. போர்க்காலத்தில் பழைய கார் புதிய காரை வென்றதன் இரகசியம் இதுதான்.

பொறியியல் அறிந்தவர்களுக்கு இது புதிய தத்துவம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பெர்குசன் ரி.ஈ.20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதே முறையில்தான் ஓடியது: பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாறும். அங்கே தொழிற்சாலை அதை வரைந்து, சோதித்து, விற்றது. இங்கே வரைபடமும் இல்லை, கருவியும் இல்லை. ஒழுங்கையோரக் கராஜில் ஒரு மெக்கானிக், சேலைன் போத்தலின் குழாயை வைத்துக்கொண்டு அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்தது. ஒயில் தண்ணீராக, வளையங்கள் தேய்ந்தன. தெருவெல்லாம் வெண்புகை. கண் எரியும், தொண்டை கரகரக்கும். ஆனாலும் கர்ப்பிணித் தாய் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் காலியானபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்த மனித வெள்ளத்தில் நடக்க முடியாதவர்களையும் பிள்ளைகளையும் சுமந்த வாகனங்களும் இருந்தன. அவற்றுக்குள் எரிந்தது விளக்கெண்ணெய்தான்.

மூதூர்க் கரையில் அதே எஞ்சின்

மூதூரில் இந்தக் கதையைத் தேடுபவர் பழைய கார்க் கொட்டில் தேடி அலையத் தேவையில்லை. கடற்கரைக்குப் போனால் போதும். கொட்டியாரக் குடாவில் இறங்கும் மீனவர்களின் வெளியிணைப்பு எஞ்சின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுகின்றன. ஏ40க்குள் போத்தலும் திருகுமாகச் செய்யப்பட்டதை இந்த எஞ்சின்களில் தொழிற்சாலையே செய்து தருகிறது. யாழ்ப்பாணத்துச் சாரதியின் கையும் மூதூர் மீனவரின் கையும் ஒரே பழக்கத்தைக் கற்றவை.

அதனால்தான் 2022 இருவரையும் ஒன்றாகச் சுட்டது. அந்த ஆண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முன்பே பல வாரங்கள் எண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. தெற்கில் முதன்முறையாக எரிபொருள் வரிசைகளைக் கண்டவர்கள் அதிர்ந்தார்கள். வடக்கு கிழக்கில் பலருக்கு அது பழைய பாடத்தின் மறுவாசிப்பாக இருந்தது.

இங்கே ஒரு முரண் கண்ணில் குத்துகிறது. குடாவுக்கு அப்பால், சீனக்குடாவின் காட்டுக்குள், பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய அதே தாங்கித் தொகுதி. 2022 ஜனவரியில் அவற்றைப் பங்கிட்டு ஓர் உடன்பாடு கைச்சாத்தானது: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு 61. உலக வல்லரசுகள் கண்வைக்கும் எண்ணெய்க் கிடங்குக்கு எதிர்க் கரையில் இருப்பவர்கள், ஒரு போத்தல் பெற்றோலை ஒளித்துவைத்து எஞ்சின் தொடக்கப் பழகியவர்கள்.

மூதூரில் பழைய கார்கள் அதிகம் தங்காததற்கும் காரணங்கள் உண்டு. முதலாவது தண்ணீர். மட்டக்களப்பு வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி, ஆறுகளாலும் களப்புகளாலும் துண்டாடப்பட்ட வீதி. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளில் வாகனங்கள் பாதையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, அடுத்து வந்த ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்த பிறகே அந்த வீதி முழு வீதியானது. அதுவரை மூதூராருக்கு நகரத்துக்குப் போவதென்றால் இறங்குதுறையிலிருந்து படகுதான். கார் ஒரு ஆடம்பரமாகவும், உழவு இயந்திரம் ஒரு தேவையாகவும் இருந்த ஊர் அது.

இரண்டாவது காரணம் எல்லோரும் அறிந்தது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டுகள் விழுந்தன. மாவிலாறு அணைக்கட்டோடு தொடங்கிய சண்டை ஓகஸ்ட் முதல் நாட்களில் மூதூர் நகருக்குள் வந்தது. மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்குப் பெயர்ந்தார்கள். அதே நாட்களில்தான் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள் கொல்லப்பட்டார்கள். மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகியது. 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்படும்வரை மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் கொட்டில்களில் இருந்தார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள். கைவிட்டு வந்த எந்த வாகனமும் பத்து ஆண்டு வெயிலையும் உப்புக் காற்றையும் பழைய இரும்பு வியாபாரத்தையும் தாண்டி உரியவருக்காகக் காத்திருக்காது.

ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு ஏ40 எஞ்சியிருப்பதும், மூதூரில் எஞ்சாமல் போனதும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த பஸ்களும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் அதன் மூன்றாவது பக்கம். ஒரு காரைப் பார்த்து 'இது எப்படித் தப்பியது' என்று கேட்டால், தப்பாதவற்றின் கதையும் சேர்ந்தே வரும்.

இலக்கத் தகட்டில் எழுதிய அரசியல்

சேகரிப்பாளர்கள் விலை பேசும்போது முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று இலக்கத் தகடு. 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாக இணைத்த பழைய பதிவுகளான 'ஈ.எல்', 'ஈ.என்', 'ஈ.வை' போன்றவற்றுக்குத் தனி மதிப்பு. அவற்றை அடுத்து வந்தவை சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பதிவுகள். கழகக் கண்காட்சிகளில் இவை அழகான பழமையாகப் பார்க்கப்படுகின்றன.

தமிழ் வாசகருக்கு அந்த எழுத்து வெறும் அழகல்ல. 1956 ஓகஸ்டில் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு சமஷ்டிக் கோரிக்கையை முன்வைத்தது. 1957 ஜனவரியில் சிங்கள ஸ்ரீ எழுத்து நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தில், திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958இல் சிங்கள ஸ்ரீ தாங்கிய பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தார் பூசும் போராட்டம் வெடித்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் ஏறியது. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் கலவரம் வந்தது.

இந்த நாட்டில் இனப்பிரச்சினையின் ஆரம்ப அத்தியாயம் ஒன்று காரின் முன்பக்கத்தில் எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகை அல்ல. எனவே 1957க்குப் பிந்திய ஒரு பழைய காரை எங்கள் ஊரில் வைத்திருப்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓர் அரசியல் ஆவணத்தின் காவலர். அந்தத் தகட்டில் பழைய தார்க்கறை எஞ்சியிருந்தால், அதைச் சுரண்டி மினுக்குபவர் அதன் விலையை உயர்த்தவில்லை. வரலாற்றை அழிக்கிறார்.

கழகங்களின் அளவுகோல்

கொழும்பில் பழைய கார் உரிமையாளர் கழகங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. ஓட்டப் போட்டிகள், கண்காட்சிகள், உதிரிப்பாகப் பரிமாற்றம் என அவற்றின் பணி பயனுள்ளது. அவை இல்லாவிட்டால் பல கார்கள் எப்போதோ உருக்காலைக்குப் போயிருக்கும். போர் நடந்த அதே 1990களில், தெற்கில் ஒரு தொழிற்கூடம் மொறிஸ் மைனரின் உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் மையத்துக்கு ஏற்றுமதி செய்தது. பழைய காரைத் திருத்தும் இலங்கையரின் கைவினை அவ்வளவு தரமானது. ஏ9 வீதியின் மறுமுனையிலோ அதே காருக்கு ஒரு பற்றரி கிடைப்பதே பெரும்பாடு. ஒரே தீவு, ஒரே கார், இரண்டு உலகங்கள்.

ஆனால் கழகங்களின் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். உலகப் பழைய வாகனக் கழகங்களின் கூட்டமைப்பான 'ஃபிவா' 1966இல் தொடங்கப்பட்டது. அதன் வரைவிலக்கணப்படி வரலாற்று வாகனம் என்பது குறைந்தது 30 ஆண்டு பழையதாக, வரலாற்றுக்குப் பொருத்தமான நிலையில் பேணப்பட்டதாக, நாளாந்தப் போக்குவரத்துக்குப் பயன்படாததாக இருக்க வேண்டும். அமைதியான நாடுகளில், இன்னொரு கார் வீட்டில் நிற்கும்போது, இது பொருந்தும். யாழ்ப்பாணத்து ஏ40க்கு அது தலைகீழ். நாளாந்தம் ஓடியதே அதன் வரலாறு.

இருந்தும் அதே ஃபிவா எங்களுக்கு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அதன் ரியூரின் சாசனம், வாகனங்களைப் பண்பாட்டு மரபாகக் கருதிப் பேணுவதற்கான கோட்பாடு. ஒரு வாகனம் பயன்பாட்டில் இருந்த காலத்தில் அதில் செய்யப்பட்ட மாற்றங்கள் அதன் வரலாற்றின் சான்றுகள், அவை பேணப்பட வேண்டும், தயாரித்த நாளின் தோற்றத்துக்கு மீண்டும் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. இதை எங்கள் பக்கம் நின்று வாசித்துப் பாருங்கள். மண்ணெண்ணெய்க் குழாயைக் கழற்றி எறிவது திருத்தம் அல்ல, சேதம். உலகின் உயர்ந்த அளவுகோலே அப்படிச் சொல்கிறது.

எனவே பழைய கார் வைத்திருக்கும் தமிழர், அது யாழ்ப்பாணமானாலும் கொழும்பானாலும் இலண்டனானாலும், 'ஒறிஜினல்' என்ற சொல்லைக் கண்டு தாழ்வாக உணரத் தேவையில்லை. தொழிற்சாலையில் செய்யப்பட்டது ஒரு ஒறிஜினல். பொருளாதாரத் தடைக்குள் செய்யப்பட்டது இன்னொரு ஒறிஜினல். முதலாவதற்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பிரதிகள் உண்டு. இரண்டாவது இங்கே மட்டும்தான் உண்டு.

காகிதம் இல்லாத காரும் காகிதம் இல்லாத மனிதரும்

இடம்பெயர்ந்தவர்களின் வாகனங்களுக்குக் காகிதம் ஒரு தீராத தலைவலி. பதிவுப் புத்தகம் தொலைந்தது. உரிமையாளர் இறந்தார், அல்லது வெளிநாடு போனார், அல்லது என்ன ஆனார் என்பதே தெரியாது. கையெழுத்திட்ட மாற்றுப் படிவத்தோடு மட்டும் மூன்று நான்கு கை மாறிய கார்கள் உண்டு. அவற்றின் சட்டபூர்வ உரிமையாளர் இன்னமும் 1980களில் வாழ்ந்த ஒருவர்.

2022இல் தேசிய எரிபொருள் அட்டை வந்தபோது இந்தப் பிரச்சினை வெளியில் தெரிந்தது. வாகன இலக்கமும் செசி இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு பொருந்தினால்தான் கியூஆர் குறியீடு. பொருந்தாத வாகனம் ஓடக்கூடியதாக இருந்தும் அரசின் கண்ணில் இல்லாத வாகனம். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் நிற்கிறது: காகிதம் இல்லாவிட்டால் பொருளும் இல்லை.

காகிதம் இல்லாத காரின் விலை பாதியாகிறது. கடைசியில் அது பாகம் பாகமாகப் பிரிந்து போகிறது. காணி உறுதி இல்லாதவரும், மரணச் சான்றிதழ் பெற மறுப்பவரும், அடையாள அட்டையைக் கடலில் தொலைத்தவரும் இதே வாசற்படியில்தான் நிற்கிறார்கள். போரில் காகிதம் தொலைத்தவர்களின் வாகனங்களுக்கு, ஏனைய ஆவணங்களுக்கு நடத்தப்படுவது போல, மாவட்டச் செயலகங்களில் நடமாடும் சேவை ஒன்றைக் கேட்பது பேராசை அல்ல. அதை மக்கள் பிரதிநிதிகள் கேட்கலாம். பழைய கார்க் கழகங்களும் சேர்ந்து குரல் கொடுக்கலாம். காகிதமுள்ள கார்தான் அவர்களுக்கும் நல்லது.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது, எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். எஞ்சின் பகுதி, எண்ணெய்த் தாங்கி, குழாய்கள், தகட்டின் கீழ்ப்பூச்சு, உள்ளே ஒட்டிய சுவாமி படம் வரைக்கும். கழுவினால் போகக்கூடியது எதுவோ அதை முதலில் எடுங்கள்.

இரண்டாவது, ஓட்டப் பாதுகாப்பை வரலாற்றிலிருந்து பிரித்துப் பாருங்கள். பிறேக் குழாய், றப்பர்ப் பாகங்கள், வயர்கள் பழுதானால் மாற்றத்தான் வேண்டும். உயிரோடு விளையாட முடியாது. உள்ளே துருப்பிடித்த எண்ணெய்த் தாங்கியைச் சுத்தம் செய்யாமல் எஞ்சினைத் தொடக்கினால் காபரேற்றர் அடைத்துக்கொள்ளும். நீண்டகாலம் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினின் ஒயிலை முழுதாக வடித்து, வளையங்களின் தேய்மானத்தைப் பார்த்த பிறகே மீண்டும் பெற்றோலில் ஓட்டுங்கள். கழற்றிய பாகத்தை எறியாமல், ஒரு பெட்டியில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, காரோடு வையுங்கள். விற்றால் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது, காரை விட அவசரமானவர்கள் அதைத் திருத்தியவர்கள். 1990களில் முப்பது வயதில் இருந்த மெக்கானிக் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவருடைய கையில் உள்ள அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு கைத்தொலைபேசியும் ஒரு மணித்தியாலமும் போதும், அவருடைய குரலைப் பதிவு செய்ய. நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களையும் வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிம வடிவில் சேகரித்து வருகிறது. பழைய பதிவுப் புத்தகங்கள், எரிபொருள் பங்கீட்டு அட்டைகள், கராஜ்களின் கணக்குக் கொப்பிகள் எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டியவை. இந்த வேலையை மூதூர்ப் பாடசாலை மாணவர்கள் தங்கள் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். தமிழ் மீனவரிடமும் முஸ்லிம் மீனவரிடமும் ஒரே எஞ்சின்தான் இருக்கிறது. இரண்டு பேரிடமும் இடம்பெயர்வின் கதையும் இருக்கிறது.

நான்காவது, ஒரு காராவது இங்கே நிற்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு ஏ40 அதன் வளவில், போத்தலும் குழாயும் திருகுமாக அப்படியே நின்றால், எந்தப் பாடநூலும் கற்பிக்காத ஒன்றை அது மாணவருக்குக் கற்பிக்கும். வாங்குவதற்கு அரசின் பணம் தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய கார்களுக்காகச் செலவு செய்யும் தமிழர்கள் சிலர் சேர்ந்தால் முடியும். மினுக்கித் தர வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு.

அடுத்த முறை ஒரு வெளியூர் வியாபாரி படலையில் வந்து நின்று, கொட்டிலுக்குள் கிடக்கும் காருக்கு விலை கேட்டால், விற்பதும் விற்காததும் வீட்டுக்காரரின் விருப்பம். ஆனால் விலை பேசுமுன் அவர் காரின் முன்மூடியை ஒருதரம் திறந்து பார்க்கட்டும். உள்ளே கம்பியால் கட்டிய போத்தல் இன்னும் இருந்தால், தான் விற்கப்போவது வெறும் பழைய இரும்பு அல்ல என்று தெரிந்துகொண்டே விலை பேசட்டும்.